கம்பளி நிலவறை

அந்தப் பழைய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுவது அவள் வேலை. பொத்தானை அமுக்க ஓர் ஆளா என்று கேட்டபடி ஏறுகிறவர்கள் உண்டு. பொத்தானே கிடையாது. பித்தளைக் கைப்பிடி ஒன்று. அதைத் திருப்பி, சமயம் பார்த்து விட வேண்டும். கொஞ்சம் பிசகினால் இறங்குகிறவர் ஒரு சாண் பள்ளத்தில் காலை விடுவார்.

ஆள் வராத நேரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பின்னுவாள். லிஃப்ட் விளக்கு பேருக்குத்தான் எரியும். அவள் கண் மேலே மாடி எண் பலகையில் இருக்க, குரோஷே ஊசியின் கொக்கி தன்பாட்டுக்குக் கண்ணிக்குள் போய் நூலை இழுத்துவரும்.

ஸ்வெட்டர், தொப்பி எதுவும் இல்லை. விண்கலம். மூன்று கண் ஜந்து. தீ கக்கும் டிராகன். தீயை மட்டும் தனியே கழற்றித் துவைக்கலாம். ஒருமுறை இருபது முகப் பகடையைப் பின்னிப் பஞ்சு அடைத்தாள். உருட்டினால் உருளாமல், விழுந்த இடத்தில் பொத்தென்று உட்கார்ந்துகொண்டது.

எல்லாம் கணவனின் தம்பியால் வந்த பழக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கதையும் பகடையுமாக ஒரு சாகச ஆட்டம் நடக்கும். அவள் லிஃப்ட்டில் தினமும் ஏறும் பல் டாக்டர் கதை சொல்வார். கொழுந்தன் மந்திரவாதி, அவன் சிநேகிதனான பிளம்பர் வாள்வீரன். கட்டம் போட்ட தாளில் டாக்டர் வரைந்துவரும் நிலவறைக்குள் இருவரும் அறை அறையாகப் போவார்கள். கதவைத் திறந்தால் உள்ளே என்ன என்பதைப் பகடையும் டாக்டரும் முடிவு செய்வார்கள். போகாத அறைகளை டாக்டர் ஒரு துண்டால் மூடி வைத்திருப்பார். எதிர்வீட்டுக்குக் கேட்கும் அளவுக்குச் சண்டை நடக்கும். அவள் தேநீர் வைத்துக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்து ஜந்துகளைப் பின்னுவாள்.

பிறகு கொழுந்தனுக்குக் கண் போக ஆரம்பித்தது. முழு இருட்டு இல்லை. பார்க்கிற இடத்தில் மட்டும் ஒரு கறை, ஓரங்களில் கொஞ்சம் வெளிச்சம். இருப்பது இப்படியே நிற்கலாம், நின்றால் அதிர்ஷ்டம் என்றார்கள் கண் ஆஸ்பத்திரியில். தொலைபேசியில் வாடிக்கையாளர்களிடம் பேசும் வேலை என்பதால் பிழைப்புக்குப் பங்கம் வரவில்லை. ஆட்டத்தைத்தான் விட்டான். ஞாயிறு வந்தால் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவான்.

"தலைவலிங்குற, சளிங்குற. நிஜத்தைச் சொல்லு தம்பி."

"போன தடவை என் காயைச் செவுத்துக்குள்ள நகர்த்திட்டேன் அண்ணி. பிளம்பர் ஒண்ணும் பேசாம எடுத்துச் சரியான கட்டத்துல வச்சான்."

"நல்லதுதானே செஞ்சான்?"

"முன்னாடின்னா, செவுத்துல முட்டிச் செத்தான்டா மந்திரவாதின்னு ஊரையே கூட்டியிருப்பான். யாரும் சிரிக்கல. அதான் தாங்கல. இனிமே என்னைக் கூப்பிடாதீங்க."

மறுநாள் டாக்டர் லிஃப்ட்டில் ஏறினார். அவருடைய கிளினிக் ஆறாவது மாடியில். ஆறு வந்தது. அவள் கதவைத் திறக்கவில்லை.

"டாக்டர், அந்த மேப் எனக்கு வேணும்."

"எந்த மேப்?"

"அடுத்த ஆட்டத்துக்கு வச்சிருக்கீங்களே, அந்த முழு மேப். நூல்ல பின்னித் தரேன். செவுரு மேடா இருக்கும், தண்ணி வழவழன்னு இருக்கும், கதவுக்குப் பட்டன். தடவிப் பார்த்து ஆடட்டும். நான் என்ன பார்த்தா பின்னுறேன்?"

டாக்டர் யோசித்தார். அந்த நிலவறையை அவர் மாதக்கணக்கில் ரகசியமாகத் தீட்டி வைத்திருந்தார்.

"யாருக்கும் காட்டக் கூடாது. உங்க வீட்டுக்காரருக்குக் கூட."

"அவருக்கு நான் பின்னுறது டிராகனா தொப்பியான்னே தெரியாது. நீங்க இறங்குங்க, பேஷன்ட் காத்திருப்பாங்க."

காதும் காதும் வைத்தமாதிரி வேலை நடந்தது. ஒவ்வோர் அறையையும் தனிச் சதுரமாகப் பின்னிக் கடைசியில் ஓரங்களைக் கோத்தாள். சுவருக்கு முறுக்கிய கம்பளி. ஆற்றுக்குப் பட்டு நூல். எலும்புக்கூடுகள் கிடக்கும் அறைக்குச் சொரசொரப்பான சணல். காய்களுக்கு அடியில் கொக்கி வைத்தாள், கை பட்டால் நகராமல் இருக்க. வடக்கு மூலையில், கதவே இல்லாத சுவருக்குப் பின்னால் டிராகனின் அறை. அதையும் ஒரு கண்ணி விடாமல் பின்னினாள்.

ஞாயிறன்று கொழுந்தனின் அறைக்கதவைத் தட்டவில்லை. திறந்துகொண்டு போய் அவன் மடியில் ஒரு சதுரத்தைப் போட்டாள்.

"இது என்ன?"

"நீயே சொல்லு."

விரல் நகர்ந்தது. நின்றது. திரும்பி வந்தது. "கதவு... இது சுவரு. உள்ள தண்ணியா?" கேட்டுக்கொண்டே எழுந்துவிட்டான்.

மேசையில் முழு நிலவறையும் விரித்திருந்தது. டாக்டர் வழக்கப்படி முதல் அறையை விட்டுவிட்டு மற்றதைத் துண்டால் மூடினார். அதில் இருந்த தப்பு அவருக்கும் தெரியவில்லை, பின்னியவளுக்கும் தெரியவில்லை.

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஈரமான படிகள். கீழே இறங்குகிறீர்கள்..." என்று ஆரம்பித்தார். கொழுந்தனின் கை முதல் அறையைத் தடவி, துண்டின் மேலேறி, அப்படியே வடக்கு மூலை வரைக்கும் போனது.

"டாக்டர், இங்க ஒரு ரூம் இருக்கு. கதவே இல்ல. உள்ள பெருசா ஒண்ணு சுருண்டு படுத்திருக்கு."



"அடப்பாவி!" பிளம்பர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "துண்டுக்கு மேல தடவியே பார்த்துட்டான்! நான் இன்னும் படிக்கட்டுலயே நிக்குறேன். திருட்டு மந்திரவாதி, கையைக் கட்டுடா!"

"நீ கண்ணைக் கட்டிக்கிட்டு வா, நியாயம் பேசலாம்."

"போடா டேய்!"

கொழுந்தன் சிரித்தான். டாக்டர் சிரிக்கவில்லை, தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். ஆட்டத்தின் கடைசி மாதத்துக்கு என்று வைத்திருந்த டிராகன் முதல் நிமிஷத்திலேயே அகப்பட்டுக்கொண்டது. அவருடைய பெருமூச்சு கேட்டதும் கொழுந்தனின் கை மேசையிலிருந்து விலகியது.

"என்னாலதான் கெட்டுச்சு. நீங்க தாள்லயே ஆடுங்க."

நாற்காலி பின்னுக்கு நகர்ந்தது. இந்த முறை எழுந்தால் திரும்ப உட்கார மாட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"உட்காரு தம்பி," என்றாள். லிஃப்ட்டில் அளவுக்கு மேல் ஏறுகிறவர்களிடம் பேசும் குரல் அது. நிலவறையை மேசையிலிருந்து வாரி எடுத்தாள். ஓரங்களைக் கோத்த நூலின் முனையைத் தேடிப் பிடித்து இழுத்தாள். தையல் சரசரவென்று பிரிந்தது. அறைகள் ஒவ்வொன்றாகக் கழன்று மடியில் விழுந்தன. எல்லாவற்றையும் மார்க்கெட் பைக்குள் திணித்தாள்.

"டாக்டர், ரூம் எல்லாம் அதேதான். எது எதுக்குப் பக்கத்துலன்னு புதுசா யோசிச்சுக்கோங்க. இவங்க ஒரு கதவைத் திறந்தா, எந்த ரூம்னு என் காதுல சொல்லுங்க. அந்த ரூமை எடுத்து நான் கோத்துத் தரேன். அதுவரைக்கும் பையைத் தொட்டா கையில ஊசியால குத்துவேன். ரெண்டு பேருக்கும்தான் சொல்றேன்."

டாக்டர் தலையிலிருந்து கையை எடுத்தார். பைக்குள் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் வேறொரு யோசனை ஓடத் தொடங்கியது. "டிராகனை எங்க வேணும்னாலும் வைக்கலாம்..." என்றார், யாரிடமும் இல்லாமல். "இவங்க பின்னாடியே கூட."

"கேட்டுச்சு," என்றான் கொழுந்தன். அவன் எழவில்லை.

அவளுக்கு மேசையில் இடம் வேண்டியிருந்தது. பிளம்பர் முணுமுணுத்தபடி நகர்ந்து கொடுத்தான். முதல் அறையில் மந்திரவாதியும் வாள்வீரனும் யார் முன்னால் போவது என்று அடித்துக்கொண்டார்கள். கடைசியில் மந்திரவாதி கிழக்குக் கதவைத் தள்ளினான். டாக்டர் குனிந்து அவள் காதில் சொன்னார். அவள் பைக்குள் கையை விட்டு, பார்க்காமலே துழாவி ஒரு சதுரத்தை எடுத்து ஓரத்தோடு ஓரம் வைத்துக் கோக்க ஆரம்பித்தாள்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்றான் பிளம்பர். "உள்ள இருந்து சத்தம் வேற வருதுன்னு சொல்றாரு டாக்டர்."

கொழுந்தனின் விரல் சதுரத்தின் ஓரத்துக்கு வந்து அவள் ஊசியில் முட்டியது.

"அண்ணி, கொஞ்சம் கையை எடுங்க. சணலா பட்டான்னு மட்டும் பார்த்துக்கறேன்."

"கதவு இன்னும் முடியல தம்பி. வெளியவே நில்லு."