செங்கோடன் போட்ட உத்தரவு

என் மனைவி இன்பமேரியை ஏற்காட்டில் பாதிப் பேர் ராக்கெட் மேரி என்றுதான் சொல்வார்கள். என் காதுபடச் சொன்னால் பல் மிஞ்சாது என்று தெரியும், அதனால் என் ஜீப் நகர்ந்த பிறகு சொல்வார்கள். விண்வெளியைப் பற்றி எழுதினாளே தவிர, சேலம் ஜங்ஷனைத் தாண்டி ஓர் அடி எடுத்து வைத்தவள் இல்லை அவள். அவள் ஏன் எழுதினாள், ஏன் நிறுத்தினாள் என்று தெரியாத பயல்கள் பட்டப்பெயர் வைக்கிறார்கள். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

அவள் தம்பி தேவசிகாமணி பிறந்த மூன்றாம் மாதம் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். இவளுக்கு அப்போது வயது பதினொன்று. மிஷன் பள்ளிக்கூடத்துச் சிஸ்டர்மார் கண்டும் காணாமலும் விட்டதால், தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே எட்டாவது வரை படித்தாள். பிறகு எஸ்டேட் ஷெட்டில் காப்பிக்கொட்டை பொறுக்கும் வேலை. கறுத்தது, உடைந்தது, பூச்சி அரித்தது எல்லாவற்றையும் கையாலேயே தனியாகப் பிரிக்க வேண்டும். நான் பெண் பார்க்கப் போன அன்றைக்கே, "தம்பி என்னோடதாங்க இருப்பான். ஒத்துக்கிட்டா மேல பேசுங்க" என்று சொல்லிவிட்டாள். என்ன திமிர் பாருங்கள்! அந்தத் திமிருக்குத்தான் நான் விழுந்தேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. பத்து வயதில் என் வீட்டுக்கு வந்த சிகாமணிதான் எங்களுக்குப் பிள்ளை. பத்தொன்பது வயதில் அவன் சேலத்தில் ஆள் எடுக்கும் இடத்துக்குப் போய் பட்டாளத்தில் சேர்ந்துகொண்டான். ஒரு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. அவனை அன்றைக்கு ஜீப்பில் கொண்டுபோய் விட்டவன் நான்தான்.

அவன் சேர்ந்து மூன்று வருஷம் ஆனபோது ஒரு வாரப் பத்திரிகையில் விண்வெளிப் போர்த் தொடர் ஒன்று வந்துகொண்டிருந்தது. பூமிக்கு எட்டாத தூரத்தில் ஒரு பனிக்கோள். அதன் மலை உச்சியில் ஒரு காவல்சாவடி. தளபதி செங்கோடனும் ஆறு வீரர்களும் அங்கே காவல். மாற்று ஆள் வரும்வரை இடத்தை விடுவதில்லை என்று அவர்கள் சத்தியம் செய்திருந்தார்கள். மாற்றுக் கப்பல் வரவில்லை. பிறகு பத்திரிகையும் வரவில்லை. நாற்பத்தோராம் அத்தியாயத்தோடு இழுத்து மூடிவிட்டார்கள்.

"ஏனுங்க, அந்த ஏழு பேரும் அங்கயே குளுருல கெடக்கறாங்களே" என்று சோறு போடும்போதெல்லாம் புலம்பினாள்.

"அதுக்கு நான் ஜீப்ப எடுத்துக்கிட்டுப் போய்க் கூட்டியாரட்டுமா?" என்றேன்.

மறுநாள் ஓர் இன்லேண்ட் லெட்டரை விரித்து வைத்துக்கொண்டு நாற்பத்திரண்டாம் அத்தியாயத்தை அவளே எழுதிவிட்டாள். தம்பிக்கு நலம் விசாரித்து நாலு வரி, மிச்சமெல்லாம் செங்கோடன். எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்து. பசை தடவிய விளிம்பு வரைக்கும் இடம் விடமாட்டாள். ஒரு லெட்டருக்கு ஓர் அத்தியாயம் என்று கணக்கு. அதற்கு மேல் ஒரு வரியும் எழுதமாட்டாள், ஏனென்றால் படிக்கிறவன் அடுத்த தபாலுக்குக் காத்திருக்க வேண்டும் என்பாள்.

சிகாமணி அதைத் தன் கூட்டாளிகளுக்கு வாசித்துக் காட்டினான். எல்லாரும் தமிழ்ப் பையன்கள். பைத்தியமாகிவிட்டார்கள். "அக்கா, பீரங்கியில் குண்டு தீர்ந்துபோச்சே, இனி என்ன?" என்று முகம் தெரியாதவன் எல்லாம் எங்கள் வீட்டுக்குக் கடுதாசி போட்டான். கதையில் பொன்னன் என்று ஒரு வீரன், எந்நேரமும் பாடிக்கொண்டே இருப்பான். அது சிகாமணிதான் என்று அத்தனை பேருக்கும் தெரியும். நாலு வருஷம் இப்படியே ஓடியது. ஷெட்டில் கொட்டை பொறுக்கிய பெண்பிள்ளை ஒரு படைக்கே அக்கா ஆகிவிட்டாள். அவள் முகத்தில் அப்போது இருந்த களையை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

எண்பத்தாறு கடைசியில் சிகாமணியின் ஆட்களை வடக்கே பனிமலைக்கு ஏற்றினார்கள். எட்டுப் பேர், ஒரு கூடாரம். கடுதாசியும் சாமானும் ஹெலிகாப்டரில்தான் வரும், அதுவும் வானம் தெளிந்தால். அப்போது இவள் எழுதிய அத்தியாயம்தான் எங்கள் தலையில் விழுந்த கல். குமரய்யா என்று ஒரு வீரன் உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிக் கீழே இறங்கிப் போகிறான். மற்ற ஆறு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் அவனுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள். பிரமாதமாக எழுதியிருந்தாள், சும்மா சொல்லக் கூடாது. படித்துவிட்டு எனக்கே புல்லரித்தது. மலை மேலேயும் கைதட்டினார்களாம்.

ஜனவரி எட்டாம் தேதி மத்தியானம், மஞ்சக்குட்டைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஸ்டாண்டில் நிற்கிறேன். ஷெட்டிலிருந்து அவள் ஓடி வருகிறாள். தலைமுழுக்கக் கொட்டைத் தூசி, கையில் லெட்டர்.

சிகாமணி எழுதியிருந்தான். "அக்கா, இடது கால் விரல் மூன்று மரத்துவிட்டது. நிறம் மாறுகிறது. யாரிடமும் சொல்லவில்லை. பூட்ஸைக் கழற்றாமலே படுக்கிறேன். சொன்னால் இறக்கிவிடுவார்கள். இங்கே யாராவது இருமினாலே குமரய்யா என்று முதுகைத் திருப்பி விளையாடுகிறார்கள். விளையாட்டுத்தான், ஆனாலும் எனக்கு முடியவில்லை. நான் வாசித்த கதை, என் அக்கா எழுதிய கதை. நானே எப்படி இறங்குவேன்? செங்கோடன் யாரையாவது இறங்கச் சொல்லட்டும் அக்கா. அவன் உத்தரவு போட்டால் நான் இறங்கிவிடுவேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "முட்டாப்பய! கால் அழுகுதுன்னா இறங்க வேண்டியதுதானே! எறங்கி வாடா நாயேன்னு நேரா எழுதிப் போடு!"

"எம் பேச்சக் கேக்கற பையனாயிருந்தா பட்டாளத்துக்கே போயிருக்க மாட்டான். செங்கோடன் பேச்சத்தான் கேப்பான்." அவள் லெட்டரை மடித்தாள். "நாந்தானுங்க அவனக் கட்டிப்போட்டேன். நானே அவுத்துவிடணும்."

எதிரே தபாலாபீசில் இன்லேண்ட் லெட்டர் ஒன்று வாங்கி வந்து, ஜீப் பானெட்டின் மேல் வைத்து எழுதினாள். இரண்டு வரி எழுதுவாள், அடிப்பாள். செங்கோடனையே இறக்க முடியாது. சத்தியத்தை மீறுகிற தளபதியை ஒரு பயலும் மதிக்கமாட்டான், அப்புறம் அவன் உத்தரவுக்கு என்ன மரியாதை? அதனால் செங்கோடன் மேலேயே நின்றுகொண்டு ஒரு வீரனைக் கீழே அனுப்ப வேண்டும். "பொன்னா, நீ இறங்கு" என்று எழுதினாள்.

நான் எட்டிப் பார்த்தேன். எதற்குப் பார்த்தேனோ! சும்மா நின்றிருக்கக் கூடாதா?

"பொன்னன்னு எழுதாத புள்ள. பொன்னன் யாருன்னு அத்தனை பேருக்கும் தெரியும். அக்கா சிபாரிசுல எறங்கறான்னு கேலி பண்ணுவானுங்க. ரோசக்காரப்பய, எறங்க மாட்டான். பேர் போடாம பொதுவா ஒரு உத்தரவு போடு."

"பொதுவான்னா எப்பிடிங்க?"

"இருக்கறதிலயே சின்னவன் மொதல்ல எறங்கட்டும்னு போடு. அது சட்டமாட்டம் இருக்கும். ஒருத்தனும் வாயத் தொறக்க முடியாது."

அவள் முகம் தெளிந்தது. "ஆமாங்க, அதுதாங்க சரி" என்று பொன்னனை அடித்துவிட்டு எழுதினாள்: 'செங்கோடன் சொன்னான், நம்மில் வயதில் குறைந்தவன் இன்றே இறங்க வேண்டும். இது தளபதியின் உத்தரவு. இறங்குகிறவனுக்கு மற்றவர்கள் முதுகைக் காட்டக் கூடாது. சல்யூட் அடித்து அனுப்ப வேண்டும்.' அதோடு பசை விளிம்பு வந்துவிட்டது. அதற்கு மேல் எழுத இடம் இல்லை.

அதற்குள் தபால் பை மூன்று மணி பஸ்ஸில் இறங்கிவிட்டது. அடுத்த பை மறுநாள்தான். இவள் வீதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜீப்பில் இருந்தவர்களை இறங்கச் சொன்னேன். கோழிக்கூடையோடு உட்கார்ந்திருந்த காளியாயி, "நாசமாப் போறவனே, ஏத்தி உக்கார வெச்சுட்டு எறக்கறயே" என்று வைதாள். விஷயத்தைச் சொன்னதும் அவளே முதல் ஆளாகக் குதித்தாள். "ஓட்டு சாமி, நிக்காத" என்றாள்.

இருபது கொண்டை ஊசி வளைவும் அன்றைக்கு எப்படி இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. இவள் லெட்டரை இரண்டு கையாலும் மார்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, "மாதாவே, மாதாவே" என்று வேறு வார்த்தை இல்லாமல் வந்தாள். அடிவாரத்தில் பஸ்ஸைத் தாண்டினேன். சேலம் ஜங்ஷனில் ரயிலோடு போகும் ஆர்.எம்.எஸ். தபால் பெட்டியில் போட்டபோது மெட்ராஸ் வண்டி கிளம்பக் கால் மணி நேரம் இருந்தது.

"போயிருமில்லீங்க?"

"போயிரும் புள்ள. எறங்கிருவான் பாரு."

திரும்பும்போது அவளுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தேன். சாமர்த்தியமாக ஒரு காரியம் செய்துவிட்ட தெம்பு எனக்கு. அந்தத் தெம்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அதற்குப் பிறகு காத்திருப்புதான். தபால்காரர் பெல் சத்தம் எங்கே கேட்டாலும் எழுந்துவிடுவாள். ஷெட்டில் கறுப்புக் கொட்டையையும் நல்ல கொட்டையையும் ஒன்றாகப் போட்டாள் என்று கணக்குப் பார்க்கும் ரைட்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். சோறு இறங்கவில்லை. பத்து நாள், பதினைந்து நாள். "இந்நேரம் ஆஸ்பத்திரில இருப்பான். எழுத நேரம் இருக்காது" என்று நான் சொல்வேன். "விரல எடுத்தா எடுக்கட்டுங்க. ஆளு வந்தாப் போதும்" என்பாள். கோயிலுக்குப் போய் மூன்று விரலையும் எடுத்துக்கொள் என்று மாதாவிடம் பேரமே பேசினாள்.

பிப்ரவரி இரண்டாம் தேதி தந்தி வந்தது. உடம்பு வந்து சேர மேலும் ஆறு நாள் ஆனது. பெட்டியைத் திறக்கக் கூடாது என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். இவள் பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்து, பலகையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அழவில்லை. "லெட்டர் போயிருக்காதுங்க. போயிருந்தா எறங்கியிருப்பான்" என்று மட்டும் சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். தபால்மீதும் பனிமீதும் பழியைப் போட்டுக்கொண்டு இரண்டு மாதம் தள்ளினோம்.

ஏப்ரலில் ஒரு பையன் வீடு தேடி வந்தான். அரூர்ப் பக்கம், பெயர் சுப்பிரமணி, சிகாமணியோடு மலை மேல் இருந்தவன். மெலிந்த உடம்பு, மூச்சு விட்டால் நெஞ்சில் கீச்சென்று சத்தம். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு இவளுக்கு சல்யூட் அடித்தான்.

"நீங்கதானுங்களா அக்கா?"

உள்ளே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அவன் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினான்.

"எனக்கு நெஞ்சுல சளி கட்டி ரத்தமா வந்துச்சுங்க்கா. அவில்தார் எறங்குடான்னாரு, நான் மாட்டேன்னுட்டேன். குமரய்யாவாக மாட்டேன்னு சொன்னேன். அன்னிக்கு ஹெலிகாப்டர் வந்துச்சு. ஒரே ஒரு ஆளத்தான் ஏத்த முடியும், மேகம் மூடுதுன்னாங்க. தபால் பையும் அதுலதான் வந்துச்சு. உங்க லெட்டர அண்ணன் அங்கயே நின்னு வாசிச்சாரு."

இவள் இடைமறித்தாள். "லெட்டர் வந்துச்சா?"

"வந்துச்சுங்க்கா. வயசுல கொறஞ்சவன் எறங்கணும், தளபதி உத்தரவுன்னு வாசிச்சாரு. வாசிச்சுட்டு எம் பக்கம் திரும்பி, டேய், அது நீதாண்டா, ஏறுன்னாரு. தூக்கி உள்ள தள்ளிட்டு எல்லாரும் சல்யூட் அடிச்சாங்க. அப்புறம் ஒம்பது நாள் வானமே தெளியலயாமுங்க. அவரு காலு அப்படி இருந்தது எனக்குச் சத்தியமாத் தெரியாதுங்க்கா. காலு அழுகி உடம்பெல்லாம் விஷம் ஏறிருச்சுன்னு பின்னால அவில்தார் எழுதித்தான் தெரியும்."

இவள்தான் கேட்டாள்.

"வாசிச்சப்ப எதாவது சொன்னானா சாமி?"

"சிரிச்சாருங்க்கா. லெட்டர மடிச்சுக்கிட்டே, எங்க அக்காவுக்கு இன்னும் நாந்தான் சின்னவன்னு நெனப்புன்னு சொல்லிச் சிரிச்சாரு."

அவன் கையிலிருந்த டம்ளரை அவள் வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு, "உனக்கு என்ன வயசு கண்ணு?" என்றாள்.

"பத்தொம்பதுங்க்கா."

அவள் எழுந்து போய்த் தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தாள். பையன் பிசைய ஆரம்பித்தான். அவள் என் பக்கம் திரும்பினாள். வைவாள் என்று காத்திருந்தேன். வைதிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"அவனுக்கு இருவத்தாறு ஆயிருச்சுங்க" என்றாள். "எனக்குத் தோணவே இல்லீங்க."