கட்டுக்குள் வராத கடல்

சூசைமுத்து தன் மந்திரத்தைத் தானே நம்பினானா? அவனோடு கூடவே இருந்த மதாருக்கே அது தெரியவில்லை.

பெரியபட்டினம் கரையில் அன்று ஒரு வழக்கம் இருந்தது. கடலைக் கட்டுபவர் வள்ளத்தின் முனையில் நின்று, சுறாக்களின் வாயைக் கட்ட மந்திரம் சொல்வார். அவர் கை உயர்ந்த பிறகுதான் சங்கு குளிப்பவர்கள் மூழ்குவார்கள். மாதாவைக் கும்பிடுகிறவரும் பள்ளிவாசலுக்குப் போகிறவரும் அந்தக் கைக்காகக் காத்திருந்தார்கள். கடலைக் கட்டிவந்த தன் அய்யா இறந்ததும் அந்த வேலை சூசைமுத்துவுக்கு வந்தது. அவன் அதைத் திறமையாகச் செய்தான் என்று சொல்ல முடியாது. மந்திரத்தின் நடுவே கொட்டாவி விடுவான். சங்கு குளிக்கும் மதார் அவனுக்கு உயிர்ச் சிநேகிதன், சீண்டாமல் விடமாட்டான்.

“ஏலே, சுறாவுக்குக் காது கேக்குமா?”

“ஒன்னய விட நல்லாவே கேக்கும்.”

1954இல் மதாரின் காதில் சீழ் பிடித்து ரத்தம் கசிந்தது. அதோடு மூழ்கினால் ஆழத்தில் தலை சுற்றி, மேலே வராமலே போகலாம். ஆனால் ஒரு நாள் வராவிட்டாலும் அவனுக்கு அந்தப் பருவம் முழுக்க இடமில்லை என்று வள்ளத்துக்காரர் மீரா சாகிபு சொல்லியிருந்தார். மதார் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு ஏறினான்.

சூசைமுத்து அந்தப் பஞ்சைப் பார்த்தான். அன்று கொட்டாவி இல்லை. மந்திரம் நீண்டுகொண்டே போனது. முடிந்தபோது கை உயரவில்லை.

“மொதலாளி, கடல் கட்டுக்குள்ள வரலை.”

மீரா சாகிபு மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னான், கை உயரவில்லை. மறுநாளும் அப்படியே. இதற்குள் காரணம் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. மூழ்கினால்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியும். ஆனாலும் ஒருவரும் மூழ்கவில்லை. அதில் பயம் எவ்வளவு, பாசம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியாது. மதாரின் காது ஆறும்வரை வள்ளங்கள் வெறுமனே திரும்பின.

மீரா சாகிபு சூசைமுத்துவை நீக்கிவிட்டு, சாயல்குடியிலிருந்து வேறொருவரைக் கூட்டிவந்தார். புது ஆளின் கை உயர்ந்தது, ஒருவரும் அசையவில்லை. கடைசியில், தான் சொல்லும்போது கையை உயர்த்துவதானால் பழைய வேலையே தருவதாகச் சூசைமுத்துவுக்கு ஆள் அனுப்பினார்.

மறுநாள் காலை சூசைமுத்து வந்தான். முனைக்குப் போகாமல், சங்கு அள்ளும் வலைப்பையை இடுப்பில் கட்டிக்கொண்டு மதாரின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“மந்திரம் சொல்லலையாலே?”

“முடிச்சை இறுக்கிவிடு.”

மதார் இறுக்கிவிட்டான். யாரும் கட்டாத கடலில் சூசைமுத்து முதல் ஆளாகக் குதித்தான்.