வாடிக்கையாளர் உத்தியோகம்

நான் பார்த்த முதல் வேலை வாடிக்கையாளர் வேலை. இரண்டாம் வகுப்பு முடித்த கையோடு கிடைத்தது. அதற்குப் பிறகு எத்தனையோ வேலை பார்த்துவிட்டேன். அவ்வளவு பொருத்தமாக ஒன்றும் அமையவில்லை.

வேலை கொடுத்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. துபாயில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தவர். அடுக்கி அடுக்கி, கடை என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு ஞானம் வந்துவிட்டது. லீவில் வந்த இடத்தில் எங்கள் ஊர் செக்காலை ரோட்டில் ஒரு கட்டடத்தைப் பிடித்து மளிகைக் கடை போட்டுவிட்டார். ஆறு மாதத்துக்குள் திரும்பிப் போகாவிட்டால் துபாய் விசா செத்துப்போகும். அதற்குள் கடை எழுந்து நின்றால் மாமா ஊரோடு இருப்பார், இல்லையென்றால் விமானம். மாமிக்கும் அவருக்கும் அதுதான் ஒப்பந்தம். மாமி அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. மத்தியானம் சோறு கொண்டுவரும்போது, "இன்னைக்கு யாரும் வந்தாகளா?" என்று மட்டும் கேட்பாள்.

என் கட்சி வேறு. துபாய் மாமா என்றால் சாக்லேட், ரிமோட் கார். ஊர் மாமா என்றால் வெறும் மாமா. ஆகவே கடை சீக்கிரம் படுத்துவிட வேண்டும் என்று தொழுகை விரிப்பில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து உருக்கமாக துஆ கேட்டுவந்தேன்.

அல்லாவுக்கு நான் அதிகம் சிரமம் கொடுக்கவில்லை. மாமா கடையை அமைத்த விதமே பாதி வேலையைப் பார்த்துவிட்டது. தரையில் வெள்ளை டைல்ஸ் முகம் தெரிகிற மாதிரி பளபளத்தது. வந்தவர்கள் அதைப் பார்த்ததும் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்கள். கழற்றிய செருப்பை விட்டுவிட்டு உள்ளே போக மனமில்லாமல் அங்கேயே நின்றார்கள். அங்கிருந்தே, "உளுந்து அரைக் கிலோ, கடுகு நூறு" என்று குரல் கொடுத்தார்கள்.

"உள்ள வாங்க, கூடை இருக்கு. நீங்களே பார்த்து எடுத்துக்கலாம்" என்பார் மாமா.

"நாங்களே எடுக்கணும்னா நீக எதுக்கு இருக்கீக?"

இந்தக் கேள்விக்கு துபாயில் பதில் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. மாமா சிரித்து வைப்பார். செருப்புகள் திரும்பிப் போகும்.

அப்போதுதான் எனக்கு உத்தியோகம் வந்தது. "கூடையைத் தூக்கிக்கிட்டுச் சும்மா சுத்து. அம்புக்குறி போட்ட வழியா போ. ஒன்னப் பார்த்து அவுகளும் கத்துக்குவாக" என்றார் மாமா. நான் பருப்பை எடுப்பேன், சோப்பை எடுப்பேன், பில் போடும் மேஜைக்குக் கொண்டுபோவேன். மாமா, "நன்றி, மீண்டும் வருக" என்பார். பின்வழியாகப் போய் எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே வைப்பேன், பிஸ்கட்டைத் தவிர. வாசலில் நின்றவர்கள் பார்த்தார்கள். ரசித்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். கற்றுக்கொள்ளவில்லை.

ஒருநாள் கொத்தமங்கலத்திலிருந்து ஆட்டோவில் ஓர் ஆச்சி வந்து இறங்கினார். வீட்டில் ஏதோ விசேஷம், நிறையச் சாமான் வேண்டும். வெயிலில் வந்த களைப்பில் நேரே உள்ளே வந்து, பில் போடும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மாமாவுக்கு எழுந்து நிற்பதைத் தவிர வழியில்லை. ஆச்சி கொஞ்ச நேரம் என்னையே கவனித்தார்.

"ஏ குட்டி, ஒரே பருப்ப எத்தன தடவ எடுப்ப?"

"இது நடிப்பு ஆச்சி" என்றேன். மாமா இருமினார்.

"அப்பிடியா? அப்ப எனக்கும் கொஞ்சம் நடி. அந்த மல்லிப் பொட்டலத்த இங்குட்டுக் கொண்டா."

கொண்டுபோனேன். ஆச்சி அதைப் பல்லால் கடித்துக் கிழித்தார்.

"ஆச்சி, அது சீல் வச்சது..." என்று மாமா கையை நீட்டினார்.

"மோந்து பாக்காம மல்லி வாங்கிட்டுப் போனா, சமைக்கிறவ என்னைய வைய மாட்டாளா? நல்ல மல்லிதேன். அந்தத் துவரம்பருப்பையும் கொண்டா, குட்டி."

ஆச்சி உட்கார்ந்த இடத்தில் இருந்தபடி கடை முழுவதையும் பார்த்து முடித்தார். ஓடி ஓடிக் கொண்டுவந்து கொடுத்ததில் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. ஆட்டோ நிறையச் சாமான் போயிற்று.

மறுவாரம் வேறு இரண்டு ஆச்சிமார். "இங்ஙன ஒரு புள்ள எடுத்துத் தருமாமே?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்கள். நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதற்கு அடுத்த நாள் மாமா பிளாஸ்டிக் நாற்காலிகள் வாங்கிப் போட்டார். மல்லி, மிளகு, பருப்பு எல்லாவற்றிலும் ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் கிண்ணத்தில் கொட்டி, முகர்ந்து பார்க்கவும் கடித்துப் பார்க்கவும் வைத்தார். எனக்கு உதவியாகப் பக்கத்து வீட்டு அக்காவைச் சம்பளத்துக்குச் சேர்த்தார். கூடைகள் இருந்தன, தூக்குவது நாங்கள். வாசலுக்கு வெளியே செருப்பு வைக்க ஓர் அடுக்குப் பலகையும் வந்தது. "இந்த மாதிரி சர்வீஸ் துபாய்லயே கெடையாது" என்று மாமா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார், ஏதோ ராவெல்லாம் யோசித்துத் தானே கண்டுபிடித்ததைப் போல.

கடை எழுந்து நின்றுவிட்டது. கேட்ட துஆவை நானே கூடை தூக்கிக் கெடுத்துக்கொண்டேன் என்பது எனக்கு ஓடி முடித்த பிறகுதான் உறைத்தது.

விசா முடிகிற நாளும் வந்தது. மாமா வழக்கம்போல் கடையைத் திறந்தார், வழக்கம்போல் சாப்பிட்டார்.

அடுத்த நாள் நான் மாமி வீட்டுக்குப் போனபோது, பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கி முற்றத்தில் திறந்து போட்டிருந்தாள். சக்கரம் வைத்த, நீல நிறப் பெட்டி. விமான நிலையத்தில் ஒட்டிய காகிதம் கைப்பிடியில் அப்படியே இருந்தது. அதற்குள் மாமி கடைக்கு வந்த வற்றல் மிளகாயை மூட்டையோடு கவிழ்த்துக் கொட்டிக்கொண்டிருந்தாள். தும்மினாள், சிரித்தாள், இரண்டு கையாலும் அமுக்கினாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "மாமி, நெடி ஏறிருச்சுன்னா அப்புறம் இதுல துணியே வைக்க முடியாது!"

"வைக்க முடியாதுல்ல?" என்றாள் மாமி, மறுபடியும் தும்மிக்கொண்டு. "அந்த இன்னொரு மூட்டையையும் இங்குட்டுத் தள்ளு."

தள்ளினேன். வெளிநாட்டுச் சாமானின் அருமை தெரியாத மனுஷி என்று மாமியைப் பற்றி ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.