வாந்திக் குளிகை

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரைக்குப் போகும் பஸ்ஸில் நான் கண்டக்டர். வயிற்றுப்போக்குக்காரிக்கு இதைவிடப் பெரிய தண்டனையை யாரும் யோசித்திருக்க முடியாது. டிக்கெட் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே குடல் முறுக்கும். வேலையை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். இதை ஒரே வீட்டில் இருக்கும் என் அக்காவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

கடைசியில் ஒரு டாக்டர் வாந்திக்குக் கொடுக்கும் மாத்திரையை எழுதினார். நான் விழித்ததைப் பார்த்து விளக்கவும் செய்தார். செரட்டோனின் என்ற ரசாயனம் மூளையில் இருப்பதைவிடக் குடலில்தான் அதிகமாம். அங்கே அது மிஞ்சினால் குடல்சுவர் தண்ணீரைச் சுரந்து தள்ளும். இந்த மாத்திரை அதை வேலை செய்ய விடாது. சுரப்பு குறையும், குடலும் நிதானப்படும். அப்படியே நடந்தது. பஸ்ஸின் சன்னலுக்கு வெளியே பார்க்க எனக்கு அதன் பிறகுதான் நேரம் கிடைத்தது.

அந்த ஞாயிறு எங்கள் சபை ஆராதனையில் அக்கா சாட்சி சொல்ல எழுந்தாள். என் வயிற்றுப்போக்கை, பையில் நான் மாற்றுத்துணி வைத்திருந்ததை, எல்லாவற்றையும் மைக்கில் சொன்னாள். அவள் உபவாசமிருந்து ஜெபித்ததில் எனக்குச் சுகம் கிடைத்ததாம். நம்பவைத்துக் கழுத்தை அறுத்தாள் பாவி.

வீட்டுக்கு வந்து சண்டை போட்டேன். "குளிகையாக்கும் நிறுத்தினது" என்றேன்.

"போட்டி! அது வாந்திக்கு உள்ளது. மெடிக்கல்ல கேட்டாச்சு. வாந்திக் குளிகை தின்னா வயித்தால போறது நிக்குமா? எனக்க ஜெபமாக்கும்."

டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

மறுநாள் அதிகாலை பார்த்தால் பையில் மாத்திரை இல்லை.

"விசுவாசம் உள்ளவளுக்கு குளிகை எதுக்கு? நான் தூரக் களஞ்சுட்டேன்" என்றாள். சபையில் சொன்ன சாட்சி பொய்யாகிவிடக் கூடாதே. அந்நேரம் கடைகள் திறந்திருக்காது. முதல் டிரிப்புக்கு அப்படியே ஓடினேன்.

நெய்யாற்றின்கரை எட்டுவதற்குள் குடல் முறுக்கியது. மணியடித்து பஸ்ஸை நிறுத்திவிட்டு, முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்குள் ஓடினேன். திரும்பி வரும்வரை பஸ் நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள். டிரைவர் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அதுதான் இன்னும் அவமானமாக இருந்தது.

மாலையில் அழுதுகொண்டே அக்காவிடம் சொன்னேன். அவள் முகம் வெளுத்துப்போனது. தன் தப்பு அவளுக்குப் புரிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"பஸ்ஸுல நம்ம சபக்காரங்க ஆராவது உண்டாட்டி?" என்று கேட்டாள்.