மைக் செட்காரன் பேசிய பிரிவு உபசார விழா

நான் எட்டாவதோடு நின்றவன். கச்சிராயபாளையத்தில் மைக் செட் வைத்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து, எதுவாக இருந்தாலும் ஒரு வாரம் முன்பே எனக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். கரண்டு போகுமா, மழை வருமா, ஹாரன் ஸ்பீக்கர் கரகரக்குமா. எல்லாம் நல்லபடி முடிந்தால் அதுவும் பயம்தான். இவ்வளவு நல்லபடி முடிந்தால் பின்னாடி என்னமோ இருக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் வாத்தியார் ரிட்டயர் ஆன அன்று பயம் கொஞ்சம் ஜாஸ்தி. அவர் என்னை எங்கே பார்த்தாலும் சைக்கிளை நிறுத்தி, "எப்படா பள்ளிக்கூடம் வர்ற?" என்று கேட்பார். விளையாட்டுக்கு இல்லை. பாதியில் நின்ற எல்லாரையும் அப்படித்தான் கேட்பார், எத்தனை வருஷம் ஆனாலும். என் கல்யாணத்தில் நான் மாலையும் கழுத்துமாக நிற்கும்போது வந்து கேட்டார். மாமனார் கலவரமாகி, "மாப்ள இன்னும் படிச்சிக்கினா கீறாரு?" என்று பக்கத்தில் விசாரித்தார்.

அதிலிருந்து அவர் சைக்கிள் மணி கேட்டாலே கரும்பு வண்டிக்குப் பின்னால் போய்விடுவேன். மேடையில் மைக்கிலேயே கேட்டுவிட்டால்? அதே பள்ளிக்கூடத்தில் ரெண்டாவது படிக்கிற என் மகள் முன்வரிசையில் இருப்பாளே.

அந்த வாரம் பார்த்து இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். கள்ளக்குறிச்சி ரோட்டில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. அவரிடம் படித்துப் பெரிய ஆளான டாக்டர், வக்கீல், தாசில்தார், பேசுவதாக இருந்த யாரும் வந்து சேரவில்லை. நடந்து வருகிற தூரத்தில் இருந்தவர்கள்தான் வந்தார்கள். கரும்பு வெட்டுகிறவர்கள், கறிக்கடை பாய், சைக்கிள் கடைக்காரர். மரம் வெட்டினவர்களில் ரெண்டு பேர்கூட, "எங்க சாரு" என்று சொல்லி, கோடாலியை வெளியே சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தரும் பள்ளிப்படிப்பை முடித்தவர் இல்லை.

தலைமையாசிரியர் பந்தலைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"பழைய மாணவர் சார்பா பேச ஆளில்லப்பா. நீதான் மைக் கிட்டயே இருக்கியே."

"சார், எனக்கு ஹலோ, டெஸ்டிங் மட்டும்தாங்க வரும்."

"அதுக்கு மேல ரெண்டு வார்த்தை சொல்லு."

போய் நின்றேன். "ஹலோ" என்றேன். இன்னொரு தடவை "ஹலோ" என்றேன்.

"இன்னாடா, இன்னும் டெஸ்டிங் முடியிலியா?" என்றார் சைக்கிள் கடைக்காரர். பந்தலே சிரித்தது.

வாத்தியார் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். பயத்தில் நானே முந்திக்கொண்டேன்.

"இனிமே எப்ப வர்றன்னு கேக்காதீங்க சார். நாளைலேர்ந்து நீங்களே வரமாட்டீங்க."

என் பெண்சாதி தலையில் கை வைத்தாள். வாத்தியார் எழுந்து வந்து மைக்கை வாங்கினார்.

"வாஸ்தவம்தான்," என்றார். "டாக்டர் வரல, வக்கீல் வரல. ஆனா இத்தினி வருஷமா பள்ளிக்கூடம் வாங்கடான்னு நான் யாரையெல்லாம் கூப்ட்டனோ, அத்தினி பேரும் இன்னிக்கு வந்துட்டானுங்க."

அவ்வளவுதான், ஹாரனில் சத்தம் நின்றுபோனது. ஆம்ப்ளிஃபயர்தான் போய்விட்டது என்று பதறி ஓடி வால்யூமை முழுக்கத் திருப்பினேன். ஆம்ப்ளிஃபயருக்கு ஒன்றுமில்லை. வாத்தியார் மூக்கை உறிஞ்சுவது கோமுகி அணை வரைக்கும் கேட்டது.