போன் மூடியைத் திறந்தது யார்?

தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு நான் வீடு திரும்பும்போதெல்லாம், மெத்தைமேல் சார்ஜ் போட்டுவிட்டுப் போன போனின் பின்மூடி லேசாகத் தூக்கியிருக்கும். பகலில் வீட்டில் இருப்பவள் நாத்தனார் ஒருத்திதான். அவள்தான் நோண்டுகிறாள் என்று நினைத்தேன். “இனிமே என் போனைத் தொடாத” என்று சொல்லிவிட்டு, மூடியை அழுத்தி ரப்பர் வளையம் மாட்டினேன்.

ஒருநாள் மூடி பிளந்து, மெத்தை விரிப்பும் கருகிக் கிடந்தது. தெரணியகலை டவுனுக்குக் கொண்டுபோய்க் காட்டியதும், போன் கடைக்காரர், “யாரும் தொறக்கலங்க. பெட்டரி வீங்கித் தள்ளியிருக்கு. அதை அமுக்கவே கூடாதுங்க” என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். “கிட்டப் போனாலே போன் அனலா அடிச்சுச்சு அண்ணி. தொடாதன்னு சொன்னீங்க, அதான் சார்ஜரைக் கழட்டல” என்றாள் நாத்தனார்.

பெட்டரி மாற்றியபின், ஆள் இருக்கும்போது மட்டும் வெறும் சீமெந்துத் தரையில் சார்ஜ் போடுகிறேன். சூடானால் கழற்றச் சொல்லியிருப்பது நாத்தனாரிடம்தான். இப்போது என் சந்தேகமெல்லாம் போன்மேல் மட்டுமே.