இருபத்திரண்டு பேர் பட்டியல்

எங்கள் கல்லூரியில் வருடத்துக்கு நாலு கருத்தரங்காவது நடக்கும். நாற்காலி போடுவது, ஃபிளெக்ஸ் கட்டுவது, சான்றிதழில் பெயர் அடிப்பது எல்லாம் என் தலையில்தான் விடியும். இருபத்தாறு வருடமாக இங்கே அலுவலக எழுத்தராக இருக்கிறேன். பெயர் பாக்கியசீலன். வருகிறவர்களில் பாதிப் பேர் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்ட பத்தாவது நிமிடம் "சார், சர்டிபிகேட் எப்பத் தருவீங்க?" என்று என் மேஜைக்கு வந்துவிடுவார்கள். அதனால் போன ஆடியில் 'சாதியும் காவலும்' என்று இரண்டு நாள் தேசியக் கருத்தரங்குக்குச் சுற்றறிக்கை வந்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது.

தங்கத்தாய்க்கு மட்டும் சந்தோஷம். சுற்றறிக்கையைப் பலகையில் ஒட்டும்போது பக்கத்தில் நின்று முழுசும் படித்தாள். ஒரு டி.எஸ்.பி. வருகிறார் என்ற வரிக்கு வந்ததும் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, இந்தப் பெரிய அதிகாரிகிட்ட நான் ஒரு மனு குடுத்துரலாமா?"

தங்கத்தாய் எங்கள் கல்லூரியில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். நாற்பத்தாறு வயது. பிறந்தது பத்தமடைப் பக்கம். பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே இரண்டாவதாக வந்தவள். அதற்கு மேல் படிக்க வைக்க ஆள் இல்லை, பீடித்தட்டை மடியில் வைத்துவிட்டார்கள். ஆற்றுக்கு அக்கரையில் கல்யாணம் செய்துகொடுத்தார்கள். கணவன் பெருமாள்ராஜ் நெல்மூட்டை சுமந்து சுமந்து முதுகு போய் வீட்டோடு இருக்கிறார். தெருவில் மகளிர் குழுவுக்கு இவள்தான் செயலாளர். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, முதியோர் பென்ஷனுக்கு, பேங்க் பாரத்துக்கு என்று அந்தத் தெருவில் யாருக்கு என்ன எழுத வேண்டுமானாலும் தங்கத்தாயைத்தான் தேடுவார்கள். அப்படி ஒரு கையெழுத்து எங்கள் பேராசிரியர்களில் ஒருவருக்குக்கூடக் கிடையாது. சொல்லப்போனால் கேள்வித்தாளை அவர்கள் எழுதிக் கொடுக்க, அதைப் புரிந்துகொண்டு அடிப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும்.

அவள் கொடுக்க நினைத்த மனு மகன் செந்தில்முருகனுக்காக. ஐ.டி.ஐ. முடித்த ஃபிட்டர். கூடங்குளம் அணுமின் நிலையத்தில் ஒரு ஒப்பந்தக்காரர் அவனை வேலைக்கு எடுத்துக்கொண்டார். ஆனால் உள்ளே போக பாஸ் வேண்டும், பாஸுக்குக் காவல்துறைச் சான்று வேண்டும். விண்ணப்பம் 'பெயர் பதிவேட்டில் உள்ளது' என்று திரும்பி வந்துவிட்டது. கருத்தரங்குக்கு அடுத்த திங்கள்கிழமைக்குள் சான்று வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வேன் என்று ஒப்பந்தக்காரர் சொல்லிவிட்டார்.

பதிவேட்டில் பெயர் எப்படி வந்தது? மூன்று வருடத்துக்கு முன்னால் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் சாமி சப்பரம் எந்த வழியாகப் போவது என்று மேலத்தெருவுக்கும் இவர்கள் தெருவுக்கும் வாய்த்தகராறு. கொடைக்கு முந்தின வாரம் இவர்கள் தெருவில் மட்டும் இருபத்திரண்டு பையன்களைப் போலீஸ் கூட்டிப்போய், வம்புதும்புக்குப் போகமாட்டோம் என்று நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கினார்கள். மேலத்தெருவில் ஒருத்தனைக்கூடக் கூப்பிடவில்லை. கொடை ஒரு கல் விழாமல் முடிந்தது. பிணையும் வருடம் திரும்பியதும் முடிந்தது. பெயர்கள் மட்டும் போகவே இல்லை. சோதனைச் சாவடியில் செந்தில்முருகன் வண்டியை நிறுத்தினால் முதல் கேள்வி எந்த ஊர், அடுத்தது எந்தத் தெரு. பதில் சொல்லிவிட்டால் மூன்றாவதாகக் கேள்வி கிடையாது, வண்டியை ஓரம்கட்டச் சொல்லிவிடுவார்கள்.

தங்கத்தாய் பதினோரு தடவை ஸ்டேஷனுக்கு நடந்துவிட்டாள். எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்பார்கள். எழுதிக் கொடுப்பாள். எங்கே போனதோ தெரியாது.

கருத்தரங்கை நடத்திய பேராசிரியர் குமரகுருபரனிடம் நான் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். "கண்டிப்பா, பாக்கியம். அவங்க அனுபவம்தானே இந்தக் கருத்தரங்குக்கே மையம். டீ நேரத்துல நானே அறிமுகப்படுத்துறேன்" என்றார். சுத்தமாக மறந்துபோனார்.

இரண்டாம் நாள் காலை. மேடையில் டி.எஸ்.பி. உட்கார்ந்திருந்தார். குமரகுருபரன் கட்டுரை வாசித்துக்கொண்டிருந்தார். தங்கத்தாய் கடைசி வரிசைக்குப் பின்னால் டீ கேனுக்குப் பக்கத்தில் மனுவோடு நின்றாள். திரையில் ஒரு தாள் வந்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு வருடம் போராடி ஒரு ஸ்டேஷனிலிருந்து வாங்கிய போக்கிரிப் பட்டியல் என்றார் பேராசிரியர். பெயர்கள் மேல் கறுப்புப் பட்டை போட்டிருந்தார், ஆராய்ச்சி நெறியாம். மூன்று வருடமாக ஸ்டேஷனில் யாரும் அடிக்காத பெயர்கள் அந்தத் திரையில்தான் அடிபட்டிருந்தன.

"கவனியுங்கள். முதல் பெயருக்கு எதிரே மட்டும் ஐ.டி.ஐ. என்று குறித்திருக்கிறார்கள். ஒடுக்கப்பட்ட தெருவில் படித்தவனைத்தான் அதிகாரம் முதலில் குறிவைக்கிறது. எழுதிய காவலரின் கையெழுத்தைப் பாருங்கள், எத்தனை நிதானம்! எந்தப் பதற்றமும் இல்லாத வெறுப்பு இது."

அரங்கில் பேனாக்கள் ஓடின. பின்னாலிருந்து குரல் வந்தது.

"சார், அது போலீஸ் எழுதுனது இல்ல. நான் எழுதுனது."

எல்லாத் தலையும் திரும்பியது. தங்கத்தாய் டீ கேனை விட்டு இரண்டடி முன்னால் வந்தாள். "கொடைக்கு முன்னால ஏட்டையா வீட்டுக்கு வந்தாரு. சப்பரத்துக்குக் காவலா நிக்க நல்ல பையங்க பேரு வேணும், நீதான் அழகா எழுதுவியாமே, எழுதிக் குடுன்னு கேட்டாரு. தெருவுல பொறுப்பான பிள்ளைகளாப் பாத்து எழுதுனேன். எம் மவனத்தான் மொதல்ல போட்டேன். படிச்ச பையன்னு தெரியட்டுமேன்னுதான் ஐ.டி.ஐ.ன்னு எழுதுனேன். வேற யாருக்கும் தெரியாது. எம் வீட்டுக்காரருக்கும் தெரியாது, மவனுக்கும் தெரியாது."

மூன்று வருடமாகத் தினமும் காலையில் என் மேஜையைத் துடைத்தவள். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

டி.எஸ்.பி. வாய்விட்டுச் சிரித்தார். "பார்த்தீங்களா புரொபசர்? ஜனங்களே மனசாரக் கொடுத்த பட்டியல். நேத்துலேர்ந்து எங்களைப் போட்டு வறுத்தெடுக்கிறீங்க!" பொறுப்பான பிள்ளைகள் என்று வாங்கிய பட்டியலை யார் போக்கிரிப் பட்டியலாக்கினது என்று ஒருத்தர் கேட்கவேண்டுமே. குமரகுருபரன் திரையைப் பார்த்தார், கையிலிருந்த தாளைப் பார்த்தார். "இதுவும் அதிகாரத்தின் இன்னொரு உத்திதான், பாதிக்கப்பட்டவர் கையாலேயே..." என்று ஆரம்பிப்பதற்குள் நேரம் முடிந்ததென்று மணி அடித்துவிட்டார்கள். அடுத்த பேச்சாளர் எழுந்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் அந்த மணியைப் பிடுங்கி எறிந்திருப்பேன். எறியவில்லை. டீக் கொடுக்கச் சொன்னார்கள், ஆள் விட்டுக் கொடுத்தேன்.

போகும்போது டி.எஸ்.பி. அவளைக் கூப்பிட்டார். நல்ல மனிதராகத்தான் பேசினார். தாய் தெரியாமல் செய்த தப்பு, அவள் மகன் பெயரை மட்டும் இன்றைக்கே எடுக்கச் சொல்லிவிடலாம், எழுத்தில் ஒரு கடிதம் போதும் என்றார். கூட வந்த காவலர் வாசகம் சொன்னார், நான் என் மேஜையில் அடித்தேன். திங்கள்கிழமைக்குள் வேலை முடிந்துவிடும் என்ற சந்தோஷத்தில் விரல் பறந்தது. அவளுக்கு வாசித்துக் காட்டினேன். 'எங்கள் தெருவில் பிரச்சினை செய்யக்கூடிய இளைஞர்களின் பெயர்களை நான் மனமுவந்து எழுதிக் கொடுத்தேன். அதில் என் மகன் பெயர் தவறுதலாகச் சேர்ந்துவிட்டது.'

"அப்போ மத்த இருபத்தொரு பிள்ளையளும் பிரச்சினை பண்ணுதவனுவளா அண்ணாச்சி?"

"அது சும்மா ஒரு வாசகம்மா. உன் மவன் காரியம் முடியட்டும். கையெழுத்தப் போடு."

"அன்னைக்கு அந்த ஏட்டையாவும் சும்மாதான் எழுதச் சொன்னாரு."

எனக்குச் சுருக்கென்றது. படித்தவன் நான், அடிக்கும்போது அந்த வரி கண்ணில் படவே இல்லை. அவள் தாளை என் பக்கம் தள்ளிவிட்டுக் கப்புகளைப் பொறுக்கப் போய்விட்டாள். காவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் புறப்பட்டார்.

திங்கள்கிழமை வந்தது, போனது. கூடங்குளத்தில் வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்கள். செந்தில்முருகன் இப்போது வாழைத்தார் லோடு ஏற்றுகிறான்.

கருத்தரங்கு முடிந்த அன்று சாயங்காலமே தங்கத்தாய் இருபத்தொரு வீட்டுக்கும் போய்த் தானே சொல்லிவிட்டாள். வெளியிலிருந்து தெரிவதற்கு முன்னால் தன் வாயால் தெரியட்டும் என்றாளாம். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"ஏசுனவ பரவால்ல அண்ணாச்சி. சில பேரு என்னப் பாத்ததும் கதவச் சாத்திட்டாவ. எம் மவன் ரெண்டு நாளா எங்கிட்டப் பேசல. மூணாம் நாளு, எல்லாரு பேரையும் சேத்து ஒரு மனு போடுவோம்னு அவந்தான் தெருவக் கூட்டுனான். எல்லாரும் சரின்னாவ. ஆனா நான் எழுதப்படாதுன்னு சொல்லிட்டாவ. நீங்க எழுதித் தாரீயளா?"

அதைச் சொல்லும்போதுதான் அவள் அழுதாள். ஊருக்கே எழுதிக் கொடுத்தவள்.

எழுதினேன். பெயரும் தகப்பன் பெயரும் வயதும் அவள் மனப்பாடமாகச் சொல்லச் சொல்ல, வரிசையாக அடித்தேன். மனு வலுவாக இருக்கவேண்டும் என்று ஒவ்வொருத்தர் செல் நம்பரையும், இப்போது பார்க்கிற வேலையையும் நான்தான் கேட்டு வாங்கிச் சேர்த்தேன். ஒரு எழுத்துப் பிழை கிடையாது. அவளோடும் செந்தில்முருகனோடும் ஸ்டேஷனுக்கு நானும் போனேன்.

ஸ்டேஷன் எழுத்தர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பீரோவிலிருந்து ஒரு கோப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்.

"இந்த லிஸ்ட்தான் ஏற்கெனவே எங்ககிட்ட இருக்கே. வயசு, செல் நம்பரு, வேலை எல்லாம் புதுசாப் போட்டிருக்கீங்க. ரொம்ப நல்லதாப் போச்சு" என்று எங்கள் மனுவை அந்தக் கோப்பிலேயே சேர்த்துக் கட்டினார்.